வெள்ளையை முதலில் பூசுங்கள்: வீட்டிலேயே பிரெஞ்ச் மெனிக்யூர்

கேட்கப்பட்டது இது: "அக்கா, வர்ற ஞாயிறு எனக்கு நிச்சயதார்த்தம். பிரெஞ்ச் மெனிக்யூர் வீட்டிலேயே போட்டுப் பார்த்தேன். பிங்க் ரெண்டு கோட் அடிச்சு, அதுக்கு மேல டேப் ஒட்டி நுனியில வெள்ளை அடிச்சேன். டேப்பை எடுத்தா பிங்க்கும் சேர்ந்து உரியுது. டேப் இல்லாம போட்டா கோடு கோணல். வலது கை ரொம்ப மோசம். சுண்ணாம்பைத் தொட்ட விரல் மாதிரி இருக்கு. கை நடுங்காம போட என்ன வழி?"

உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை, தங்கச்சி. பதினாறு வருடமாக நகம் பார்க்கிறேன். கை ஆடாதவர் என்று ஒருவரும் கிடையாது. நீங்கள் மாற்ற வேண்டியது பூசும் வரிசையை மட்டும்தான். வெள்ளையை முதலில் பூசுங்கள். பிங்க் அதற்கு மேலே வரட்டும்.

இப்படிச் செய்தால் உங்கள் மூன்று தொல்லையும் ஒன்றாகத் தீரும். நகத்தில் நிறமற்ற பேஸ் கோட் (முதலில் பூசும் அடிப்பூச்சு) மட்டும் இருக்கும்போது வெள்ளை கோணலானால், ரிமூவரில் தொட்ட பிரஷால் அதைச் செதுக்கி நேராக்கலாம். அடியில் உள்ள பேஸ் கோட் கொஞ்சம் கரைந்தாலும் வெளியே தெரியாது. அடியில் பிங்க் இருந்தால் ரிமூவர் அதையும் சேர்த்துத் தின்றுவிடும், டேப்பும் அதைப் பிய்த்துக்கொண்டு வரும். உங்களுக்கு நடந்தது அதுதான். அடுத்து, மேலே வரும் மெல்லிய பிங்க் வெள்ளையின் ஓரத்தைக் கொஞ்சம் மழுப்பிவிடும், சின்னப் பிசிறெல்லாம் அதில் அடங்கிப்போகும். கடைசியாக, சுண்ணாம்பு வெள்ளை தணிந்து பால் நிறத்துக்கு வந்துவிடும். நம் தோலுக்கு அந்தப் பால் நிறம்தான் எடுப்பு.

தொடங்குவதற்கு முன் உங்கள் நகத்தையே ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நகம் நிறமில்லாத, ஓரளவு ஒளி ஊடுருவும், கெரட்டின் என்ற புரதத்தால் ஆன தகடு. அதன் அடியில் சதை ஒட்டியிருக்கும் வரை அங்கே ஓடும் ரத்தத்தால் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. சதையை விட்டு நகம் விலகும் இடத்திலிருந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த எல்லை ஒரு வளைவு. ஒருவருக்கு ஆழமாக இருக்கும், இன்னொருவருக்குக் கிட்டத்தட்ட நேர்கோடாக இருக்கும். கட்டைவிரலில் ஒரு மாதிரி, சுண்டுவிரலில் ஒரு மாதிரி. அந்த வளைவை அடையாளமாக வைத்துக்கொண்டு பூசினால் அழகாக இருக்கும். வீடியோவில் பார்த்த வேறொருவரின் வளைவை உங்கள் நகத்தில் ஏற்றினால் ஒட்டாது.

இந்த அலங்காரமே ஒரு நடைமுறைத் தேவையில் பிறந்தது. 1970களில் ஹாலிவுட்டில் நடிகைகள் ஒவ்வொரு உடைக்கும் நகப்பூச்சை மாற்ற வேண்டியிருந்தது, படப்பிடிப்பில் அதற்கே நேரம் போனது. 1975ல் ஓர்லி என்ற நகப்பூச்சு நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் பிங்க் என்பவர், எந்த உடைக்கும் பொருந்துகிற மாதிரி நுனியில் வெள்ளையும் மேலே மெல்லிய பிங்க்கும் போடும் முறையைக் கொண்டுவந்தார். அதைப் பாரிஸ் ஃபேஷன் மேடைகளுக்கும் கொண்டுபோனார். பிரெஞ்ச் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது, பிறந்த ஊர் அமெரிக்காதான். உங்களுக்கும் இதே தேவைதான். நிச்சயதார்த்தத்தில் வரும்போது ஒரு புடவை, தட்டு மாற்றிய பிறகு மாப்பிள்ளை வீட்டார் தரும் புடவை, சாயங்காலம் இன்னொன்று. மூன்றுக்கும் ஒரே நகம் பொருந்த வேண்டும். அதனால் நீங்கள் தேர்ந்தெடுத்தது மிகச் சரி.

இனி வேலைக்கு வருவோம். நகத்தைத் தயார் செய்வதை, பாலிஷ் பூசும் நாளுக்கு முந்தின நாளே முடித்துவிடுங்கள். பார்லரில் வெந்நீரில் கையை ஊறவைப்பதைப் பார்த்துவிட்டு வீட்டிலும் பலர் அப்படியே செய்து, உடனே பாலிஷ் பூசுகிறார்கள். இரண்டாம் நாளே பெயர்ந்து வருவதற்கு இது பெரிய காரணம். நகம் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் பழையபடி சுருங்கும். உப்பிய நகத்தில் பூசிய பாலிஷ், நகம் சுருங்கும்போது பிடி விட்டுவிடுகிறது. பாத்திரம் கழுவி, துணி துவைத்து, தலைக்குக் குளித்த கையோடு பூச உட்காராதீர்கள். குறைந்தது ஒரு மணி நேரம் கழியட்டும். தலைக்கு எண்ணெய் வைத்த கைக்கும் இது பொருந்தும். எண்ணெய் இருக்கும் இடத்தில் பாலிஷ் நிற்காது.

முந்தின நாள் குளித்து வந்ததும், தோல் மெத்தென்று இருக்கும்போது, நகம் தொடங்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை, அதாவது கியூட்டிகிளை, டவலால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். வெட்ட வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். நகத்துக்கும் தோலுக்கும் இடையே கிருமி போகாமல் அடைத்து வைத்திருப்பது அதுதான். அதை வெட்டி, அழுக்குப் பட்டு, நகச்சுற்று வந்து, விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு விழாவில் நின்ற மணப்பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் அம்மாவுக்கோ அத்தைக்கோ இதைப் போட்டுவிடும்போது, அவர்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் கியூட்டிகிள் பக்கம் கத்தரியையே கொண்டுபோகாதீர்கள்.

நகத்தை ராவும் ஃபைலுக்கு உப்புத்தாள் போலவே எண் உண்டு, எண் கூடினால் சொரசொரப்பு குறையும். சொந்த நகத்துக்கு 180க்குக் கீழே போகாதீர்கள், 240 இன்னும் நல்லது. கண்ணாடி ஃபைல் கிடைத்தால் அதையே வாங்குங்கள், கழுவிக் கழுவிப் பல வருடம் பயன்படுத்தலாம். நகவெட்டியோடு வரும் இரும்பு ஃபைல் நுனியைப் பிளக்கும். ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே திசையில் இழுங்கள். பத்து விரலில் எது மிகக் குட்டை நகமோ, மற்ற ஒன்பதையும் அதற்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஒன்று நீளம் ஒன்று குட்டை என்றால் வெள்ளைக் கோடு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நுனி நேராகவும் மூலைகள் மட்டும் லேசாக உருண்டும் இருக்கட்டும்.

நிறம் வாங்கும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். கடையில் பிரெஞ்ச் செட் என்று விற்பதில் வரும் பிங்க் பெரும்பாலும் நீலம் கலந்த வெளிர் பிங்க். வெள்ளைத் தோலை மனதில் வைத்துச் செய்தது. நம் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அதைப் போட்டால் நகம் சாம்பல் பூத்த மாதிரி வெளிறிப்போகும். பீச், கேரமல், பால் கலந்த டீ நிறம் என்று கொஞ்சம் சூடான சாயல் உள்ளதாக எடுங்கள். பாட்டிலில் ஷீர் என்று எழுதியிருக்க வேண்டும். அடியில் இருப்பது தெரியும் ரகம் அது. கெட்டியான நிறத்தை எடுத்தால், நான் சொன்ன வரிசையில் உங்கள் வெள்ளையை அது மூடிவிடும். கடையில் பாட்டிலை உள்ளங்கையில் வைத்துப் பார்க்காதீர்கள். உள்ளங்கை எல்லோருக்கும் வெளிர்தான். புறங்கையில், விரல் கணுப் பக்கம் வைத்து, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

வெள்ளை பாட்டிலைக் குலுக்காதீர்கள். வெள்ளைக்கு நிறம் தருவது பெரும்பாலும் டைட்டானியம் டையாக்சைடு. கனமான பொடி, அடியில் தங்கிவிடும். குலுக்கினால் காற்று புகுந்து நகத்தில் குமிழ் குமிழாக நிற்கும். பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் கொழுக்கட்டை மாவை உருட்டுவது போல ஒரு நிமிடம் உருட்டுங்கள். பழைய பாட்டில் இழைஇழையாக இழுத்தால் ரிமூவர் ஊற்றித் தளர்த்தப் பார்க்க வேண்டாம். பாலிஷ் கெட்டுவிடும். அதற்கென்றே நெயில் பாலிஷ் தின்னர் கிடைக்கிறது, இரண்டு சொட்டுப் போதும்.

பூச உட்காரும்போது ஒவ்வொரு நகத்தையும் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடையுங்கள். பழைய பாலிஷ் இல்லாவிட்டாலும் துடையுங்கள், எண்ணெய்ப் பசை போக வேண்டும். பஞ்சு நூல் ஒட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பேஸ் கோட் ஒன்று, மெல்லிசாக. பத்து நிமிடம் விடுங்கள்.

இப்போது வெள்ளை. இதுதான் முழு வேலையும். பிரஷை எடுத்து ஒரு பக்கத்தைப் பாட்டிலின் கழுத்தில் நன்றாக வழித்துவிடுங்கள், மறு பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன முத்து அளவு பாலிஷ் இருக்கட்டும். முழங்கை இரண்டும் மேஜையில். பூசும் கையின் சுண்டுவிரலை மறு கையின் மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். பிரஷை நகத்தின் இடது மூலையில், உங்கள் இயற்கையான வெள்ளை தொடங்கும் இடத்தில் வையுங்கள். இனி பிரஷை நகர்த்தாதீர்கள். விரலை மெதுவாக உருட்டுங்கள், நகத்தின் வலது மூலை பிரஷின் கீழே வரும் வரை, கதவுக் குமிழைத் திருப்புவது போல. பிரஷ் நின்ற இடத்தில் நிற்க, நகம் அதன் கீழே நகர்ந்து போகும். கோடு தானாக வளைந்துவிடும். பிரஷைப் பிடித்துக்கொண்டு வளைவு வரைய முயன்றால் கை ஆடும், விரலை உருட்டினால் அந்த ஆட்டம் கோட்டில் ஏறாது. பிறகு நுனிப் பக்கம் மிச்சத்தை நிரப்புங்கள்.

அகலம் ஒன்றரை மில்லிமீட்டர் போதும். இரண்டைத் தாண்ட வேண்டாம். வெள்ளை அகலமானால் விரல் குட்டையாகத் தெரியும். நகம் குட்டையாக இருப்பவர்கள், நகம் கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள், நுனியில் நூல் அளவுக்கு ஒரு கோடு மட்டும் போடலாம், அதுவும் மிக அழகு.

முதல் பூச்சில் வெள்ளை திட்டுத்திட்டாகத்தான் தெரியும். அதை அப்போதே சரிசெய்யப் போய் மறுபடி மறுபடி தடவாதீர்கள். ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு மெல்லிய பூச்சு. தடிப்பாக ஒன்று போடுவதைவிட மெல்லிசாக இரண்டு போட்டால் சீக்கிரம் காயும்.

பிறகு செதுக்கல். தட்டை நுனி உள்ள சின்ன பிரஷ் ஒன்று வேண்டும். பழைய ஐலைனர் பிரஷ் அருமையாக வேலை செய்யும். ஒரு மூடியில் கொஞ்சம் ரிமூவர் ஊற்றி, பிரஷைத் தொட்டு, டிஷ்யூவில் ஒற்றி, ஈரம் மட்டும் இருக்கும்போது வெள்ளையின் உள் ஓரத்தில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷைத் துடையுங்கள். கோலத்தில் இழை தடித்துப்போனால் விரல் நுனியால் ஓரத்தைத் துடைத்துச் சரிசெய்வோமே, அதே வேலை. என் மாணவிகளுக்கு நான் கோடு போடச் சொல்லித்தருவதைவிட அழிக்கச் சொல்லித்தருவதில்தான் அதிக நேரம் செலவிடுகிறேன். பார்லரில் நீங்கள் பார்த்து வியந்த அந்தக் கூர்மையான வளைவு பெரும்பாலும் அழித்து வந்தது.

வலது கையைப் பற்றிக் கேட்டீர்கள். அதை முதலில் பூசுங்கள். எல்லோரும் எளிதான இடது கையை முடித்துவிட்டு, களைத்த பிறகு, ஈர நகத்தோடு வலது கைக்கு வருகிறார்கள். இடது கையின் நகம் ஈரமாக இருந்தால் எங்கே இடிக்குமோ என்ற பயத்திலேயே பிடி தளர்ந்துவிடும். வலது கையை மேஜையில் பரப்பி வைத்து, இடது கையால் பிரஷைப் பிடித்து, வலது விரலை மட்டும் உருட்டுங்கள். அசையும் கை உங்களுக்குப் பழகிய வலது கைதான் என்பதால் இது நீங்கள் நினைப்பதைவிட எளிது.

டேப் இல்லாமல் முடியவே முடியாது என்றால், வெள்ளையை முதலில் போடும் இந்த வரிசையில் டேப்பும் ஒத்துழைக்கும். பேஸ் கோட் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் புறங்கையில் இரண்டு தடவை ஒற்றி எடுத்தால் பசை குறையும். ஓரத்தை நகத்தால் நன்றாக அழுத்துங்கள், இல்லையென்றால் வெள்ளை அடியில் கசியும். வெள்ளை ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிட வேண்டும், காய்ந்த பிறகு எடுத்தால் ஓரம் பிசிறும். கடையில் கிடைக்கும் வளைந்த ஸ்டிக்கருக்கும் இதே விதிதான். ஆனால் ஸ்டிக்கரின் வளைவு பத்து விரலுக்கும் ஒன்றுதான், உங்கள் நகத்தின் வளைவு பத்தும் வேறு. அதனால்தான் நான் செதுக்கலையே சிபாரிசு செய்கிறேன்.

வெள்ளை போட்டுப் பத்து நிமிடம் கழித்து பிங்க். பிரஷில் தாராளமாக எடுத்து, அழுத்தாமல், பாலிஷ் மட்டும் நகத்தைத் தொட, மூன்றே இழுப்பு: நடு, இடது, வலது. அழுத்தினால் வெள்ளை பிங்க்கில் கரைந்து இழுபடும். பெரும்பாலும் ஒரு பூச்சு போதும். எல்லாவற்றுக்கும் மேலே வரும் நிறமற்ற பூச்சான டாப் கோட்டையும் இப்படியே மிதக்கவிடுங்கள். கடைசியில் பிரஷின் ஓரத்தால் நகத்தின் நுனி விளிம்பை, அந்தக் கத்தி முனையை, ஒருமுறை தடவி மூடுங்கள். பாலிஷ் உரியத் தொடங்குவது அந்த விளிம்பில்தான்.

காயவைக்க மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து அதன் கீழே உட்கார வேண்டாம். நெயில் பாலிஷ் காய்வது என்பது அதில் உள்ள கரைப்பான் ஆவியாகிப் போவது. மேல் தோல் மட்டும் சட்டென்று காய்ந்தால் உள்ளே இருப்பது வெளியேற வழியில்லாமல் குமிழ் விடும். ஐஸ் தண்ணீரில் முக்கினாலும் மேல்பக்கம்தான் இறுகும். கால் மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே இறுகப் பல மணி நேரம் ஆகும். காயாமல் படுத்தால் காலையில் நகத்தில் போர்வையின் நெசவு பதிந்திருக்கும். ஞாயிறு விழா என்றால் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் உட்காருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ரிமூவரும் பாலிஷும் சட்டென்று தீப்பிடிப்பவை, சமையலறை மேடையிலோ விளக்கு ஏற்றிய பூஜை அறைப் பக்கத்திலோ வேண்டாம்.

மெஹந்தி வைக்கப் போகிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. வைப்பதாக இருந்தால் அதை முன்னாலேயே வைத்துவிடுங்கள். வைப்பதற்கு முன் நகத்துக்கு மட்டும் நிறமற்ற பாலிஷ் ஒன்று பூசிவிட்டால் நகம் சிவக்காது, பிறகு துடைத்துக்கொள்ளலாம். துடைக்கும்போது சொட்டச் சொட்ட ரிமூவர் எடுக்காதீர்கள், விரல் நுனியின் சிவப்பு மங்கும். ஏற்கனவே மருதாணியில் சிவந்த நகம் என்றால் எந்த ரிமூவருக்கும் போகாது. சாயம் கெரட்டினுக்குள் ஏறிவிட்டது. நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், வளர்ந்துதான் வெளியேற வேண்டும். ஆடியில் அம்மியில் அரைத்து வைத்த மருதாணி ஐப்பசியில் நகத்தின் நுனியில் மட்டும் ஒரு செம்பிறையாக நிற்குமே, பார்த்திருப்பீர்கள். கீழே வெறும் நகம், மேலே வளைந்த செம்மை. நம் வீட்டுப் பெண்களின் கையில் தானாக வந்து அமரும் அந்தப் பிறை எனக்கு எந்த பிரெஞ்ச் நுனியையும்விடப் பிடிக்கும். உங்கள் நகம் இப்போது அந்த நிலையில் இருந்தால், வெள்ளையை மூன்று பூச்சாகப் போடுங்கள். நகம் முழுக்கச் சிவந்திருந்தால் ஷீர் பிங்க்கின் வழியே ஆரஞ்சு தெரியும், அப்போது மட்டும் பால் கலந்த மாதிரி கெட்டியான நிறத்தை முதலில் பூசி, முழுவதும் காயவிட்டு, அதற்கு மேல் வெள்ளை போடலாம். அந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான் பழைய வரிசை.

விழா முடிந்த பிறகு வெள்ளைக்கு வரும் எதிரி மஞ்சள். சாம்பார் சாதம் பிசைந்த கையில் வெள்ளை நுனி மஞ்சளாகிவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் சோப்பை மட்டும் போட்டுத் தேய்ப்பதில் பலன் குறைவு. சாப்பிட்ட உடனே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை நகத்தில் தடவித் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பு போடுங்கள். குர்குமின் வெயிலிலும் வெளிறும், துணியில் பட்ட மஞ்சள் கறை கொடியில் காயும்போது போவது இதனால்தான். இரண்டு நாளைக்கு ஒருமுறை டாப் கோட் மட்டும் புதுப்பித்தால் ஐந்தாறு நாள் அழகாக நிற்கும்.

பத்துப் பதினைந்து நாள் நிற்கும் ஜெல் பாலிஷை, அதை இறுகவைக்கும் விளக்கோடு வாங்கி வீட்டிலேயே போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வேண்டாம். விளக்கில் முழுதாக இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அதில் உள்ள அக்ரிலேட் என்ற வேதிப்பொருளுக்கு அலர்ஜி வரலாம். வந்தால் வாழ்நாள் முழுக்க இருக்கும், பல் அடைக்கும் பொருள்கள் சிலவற்றிலும் அதே வகை வேதிப்பொருள் இருப்பதால் பல் மருத்துவரிடமும் தொல்லை. பழகிய கையால் ஓரத்தில் ஒழுகாமல் போட வேண்டிய பொருள் அது.

கலைக்கும்போது சுரண்டி எடுக்காதீர்கள், நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வரும். ரிமூவரில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்துப் பத்து வினாடி அழுத்தி, அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பாக இழுங்கள். வெள்ளைக்கு இன்னொரு பஞ்சு தேவைப்படும். கை கழுவி, இரவு படுக்கப் போகும்போது நகத்தைச் சுற்றி நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவித் தேய்த்துவிடுங்கள். கல்யாணத் தேதி குறித்ததும் சொல்லுங்கள், கால் நகத்துக்கு வேறு கணக்கு இருக்கிறது. அது வளர்வதே கை நகத்தில் பாதி வேகத்தில்தான், அதற்கு இப்போதிருந்தே தொடங்க வேண்டும்.